தாய்க்கு விளக்கப்பட்டது

அந்தச் சிறுமியை இரண்டு முறை பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், ஈப்போ வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில், குழந்தைகள் பிரிவில் நான் இளைய டாக்டர். கவனிப்பில்லாத பிள்ளை எப்படி இருக்கும் என்று என் மனத்தில் ஒரு படம் இருந்தது. அழுக்குச் சட்டை, சிக்குப் பிடித்த தலை, ஆறாத புண். இந்தப் பிள்ளையோ எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, இஸ்திரி போட்ட பள்ளிச் சீருடையில் வருவாள். எட்டு வயது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவாள். அம்மா பக்கத்தில் கைகட்டி நிற்பார்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று ஒரு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு வரும் வகை. உடம்பில் இன்சுலின் சுரக்காது. தினமும் ஊசியால் ஏற்ற வேண்டும். நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. அப்போதெல்லாம் கண்ணாடி ஊசிக்குழாய்தான். தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வீட்டிலேயே போட வேண்டும். அந்த அம்மாவுக்கு வார்டில் வைத்துக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். தோட்டத்தில் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட ஆரம்பித்ததும் குடும்பம் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்துவிட்டது. அவர் ஜெலாப்பாங்கில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கணவர் லோரியில் சாமான் ஏற்றி இறக்குபவர்.

மூன்றாம் முறை வந்தபோது தராசு முள்ளைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருந்தாள். சீருடையின் இடுப்பில் பின் குத்தி இறுக்கியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. காத்திருந்த நேரத்தில் நாலு முறை குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள் என்று எங்கள் பிரிவின் ஆயா சொன்னார்.

"மருந்து பாட்டிலைக் காட்டுங்கோ" என்றேன்.

கைக்குட்டையில் சுற்றியிருந்ததை அவிழ்த்துக் கொடுத்தார். முந்தின மாதமே தீர்ந்திருக்க வேண்டிய பாட்டில். முக்கால்வாசி அப்படியே இருந்தது. பிள்ளையின் பாவாடையை விலக்கித் தொடையைப் பார்த்தேன். தினமும் ஊசி ஏறும் தொடையில் புள்ளிபுள்ளியாகத் தழும்பு இருக்கும். இவளுடையது வழவழவென்று இருந்தது.

"எத்தனை நாளா ஊசி போடேல்லை?"

"போடுறேன் டாக்டர். தெனமும் போடுறேன்."

"பொய் சொல்ல வேண்டாம். பாட்டில் சொல்லுது."

அவர் தரையைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து அறுபது பிள்ளைகளைப் பார்த்திருந்தேன். "நீங்கள் ஒரு தாயோ? பெத்த பிள்ளையைக் கொல்லப் போறீங்களோ?" என்று கத்தினேன். வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "வீட்ல சொல்லிட்டு வாரேன் டாக்டர்" என்று சொல்லிப் போனவர், அன்று திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது. கண்டுபிடித்ததைக் கத்திச் சொல்லியே அவர்களை விரட்டிவிட்டேன் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்த ஆயாவும் புந்தோங்தான். எனக்கு அம்மா வயது. நான் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்; அப்பா அரசாங்க உத்தியோகம், வீட்டில் பேசுவது வேறு தமிழ். தோட்டத்து மக்களிடம் நான் சொல்வதை இந்த ஆயாதான் பல நேரம் தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்வார். அன்று அவரே வாய் திறந்தார்.

"அந்த வீடு எனக்குத் தெரியும் டாக்டர். கோவிலுக்குப் பின்னால. வர்றீங்களா? ஆனா அங்க வந்து ஏசக்கூடாது. அந்தம்மா ஏற்கனவே செத்துப்போய்தான் நிக்குது."

சனிக்கிழமை மதியம் போனோம். பலகை வீடு, தகரக் கூரை. பிள்ளை பாயில் படுத்திருந்தாள். அந்த அம்மா என்னைக் கண்டதும் வெலவெலத்துப் போய், ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆயாதான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, முன்னல்லாம் ஒழுங்காத்தானே போட்டுக்கிட்டிருந்த. அப்புறம் என்னா ஆச்சி?"

இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை.

அவர் அழாமல் சொன்னார். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை. வழக்கம்போல ஊசி போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் மேலே செருகி, கை கால் இழுக்க ஆரம்பித்தது. அப்பா பல்லுக்கு நடுவில் கரண்டியைத் திணித்துப் பிடித்துக்கொண்டு கத்தினார். பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார்சைக்கிளில் வைத்து ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள்.

"எங்களிட்ட ஏன் வந்து சொல்லேல்லை?"

"ஏசுவீங்கன்னு பயம் டாக்டர்."

அதற்குப் பிறகு ஊசியைத் தொட்டாலே கை ஆடும் என்றார். கணவர் ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கணவர் வேலைக்குப் போனபின் ஒளித்துவைத்த பாட்டிலை எடுத்து, சில நாள் ஒரு சொட்டு, சில நாள் அதுவும் இல்லாமல், பிள்ளை மிகவும் சோர்ந்தால் மட்டும் கொஞ்சம் என்று போட்டுவந்தார். நாலு மாதமாக அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தது அந்தச் சொட்டுகளால்தான்.

"எனக்கு முன்னால் ஒருக்கா மருந்து எடுத்துக் காட்டுங்கோ" என்றேன்.

குழாயைக் கொதிக்க வைத்தார். பாட்டிலின் ரப்பர் மூடியைத் துடைத்தார். ஒவ்வொரு அடியும் சரியாக இருந்தது. காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றினார். கற்றுக்கொடுத்த கோட்டில் மருந்தைச் சரியாக நிறுத்தி, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

அப்போதுதான் பாட்டிலின் சீட்டைச் சரியாகப் படித்தேன். அந்நாளில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் வந்தது. ஒன்று மில்லிக்கு நாற்பது யூனிட், மற்றது எண்பது. அவர் கற்றுக்கொண்டது நாற்பதில். கையில் இருந்த பாட்டில் எண்பது. அதே கோடு வரை எடுத்தால் இரண்டு மடங்கு மருந்து ஏறும், சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இழுப்பு வராமல் என்ன செய்யும்?

குழாயை அவர் கையிலிருந்து வாங்கி, பாதியை வெளியே தள்ளிவிட்டு, நானே பிள்ளைக்குப் போட்டேன். "மருந்து மாறிட்டுது. இனிப் பாதிக் கோடு வரைக்கும்தான்" என்று சொல்லி, அந்தக் கோட்டில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தேன். மருந்து மாறிவிட்டது, அவ்வளவுதான் சொன்னேன். யார் மாற்றியது என்று சொல்லவில்லை. நினைவில் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவளுடைய கார்டை எடுத்துப் பார்த்தேன். நாற்பது கையிருப்பில் இல்லாததால் எண்பதுக்கு மாற்றி எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. அதன் கீழே, தாய்க்கு விளக்கப்பட்டது என்று ஒரு வரி. அதுவும் என் கையெழுத்துதான். மருந்தை மாற்றிய அன்று ஆயா லீவில் இருந்திருக்க வேண்டும். நான் என் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டியிருப்பார். திருப்பிச் செய்து காட்டச் சொல்லியிருக்க மாட்டேன். கார்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் அவர்கள் வீட்டில் இருந்தபோதே கணவரும் வந்துவிட்டிருந்தார். அந்தக் காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை. பெரிய ஆள், சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி. வாசலில் நின்றபடியே, "ஊசி போட்டீங்களா?" என்றார்.

"போட்டேன். போடாட்டி பிள்ளை பிழைக்காது."

"போட்டாதான் பொழைக்காது. நல்லா இருந்த புள்ள டாக்டர். இவ ஊசி போட்டா, கண்ணு மேல போயிருச்சி. நான் பாத்தேன்லா. இந்தக் கையிலதான் வெறைச்சிக் கெடந்திச்சி. நீங்க பாத்தீங்களா?"

அவர் குடிகாரர் இல்லை, முரடரும் இல்லை. பிள்ளையின் அருகில் போய்க் குந்தி, நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பிழை மருந்தில் இல்லை, உங்கள் மனைவியிடமும் இல்லை, எங்களிடம் என்று. நான் சொன்னதோ, மருந்து மிகவும் நல்லது, பயப்பட வேண்டாம், மருத்துவமனை சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது. "வார்டுக்கு விடமாட்டேன். இவ கையால போடவும் வேணாம்" என்றார் அவர்.

ஒரு ஏற்பாடு செய்தோம். தினமும் காலை வேலைக்குப் போகும் வழியில் அம்மா பிள்ளையைப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்து வர வேண்டும். அங்கே மிஸ்ஸி, நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், ஊசி போடுவார். இரண்டு வாரம் நடந்தது. பிள்ளைக்கு ஒரு கிலோ ஏறியது. பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் என்னிடம் தானாகவே பேசினாள்: "டாக்டர், எங்க கிளாஸ்ல நான்தான் ஒசரம்." அவள் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, அம்மா மட்டும் மருத்துவமனைக்கு ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை.

"புள்ளைய கூட்டிட்டுப் போயிட்டாரு டாக்டர். சுங்காய்ல அவரு அண்ணன் வீட்டுக்கு. அங்க ஒருத்தரு பொடி குடுக்குறாராம். ஊசிய நிப்பாட்டிட்டு நாப்பத்தெட்டு நாளு பொடி சாப்பிடணுமாம். நான் போனா உள்ள விடமாட்டேங்கறாங்க. நீங்க வாங்க டாக்டர். நீங்க வந்து சொன்னா கேப்பாரு."

என் மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் அனுபவசாலி, கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "தகப்பன் கூட்டிக்கொண்டு போனால் நாம் என்ன செய்ய முடியும்? குடும்ப விஷயம். கார்டில் எழுதி வை. பிள்ளைக்கு முடியாமல் போனால் அவர்களே கொண்டு வருவார்கள்."

எழுதி வைத்தேன். இன்சுலின் இல்லாமல் அந்தப் பிள்ளை எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருந்தேன், வார்டில் பார்த்துமிருந்தேன். இருந்தும் புதன் போனது. வியாழன் போனது. சமூக நல இலாகாவைக் கூப்பிடலாம் என்று ஆயா சொன்னார். டாக்டர் போலீசை அனுப்பினார் என்று புந்தோங் முழுக்கப் பேச்சாகும், அப்புறம் யாரும் பிள்ளையைக் கொண்டுவர மாட்டார்கள் என்று நான் பதில் சொன்னேன். அது பாதி உண்மை. விசாரணை என்று வந்தால் அந்தக் கார்டைத் திறப்பார்கள் என்ற பயம் மற்றப் பாதி. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா தினமும் வந்தார். வேலைக்குப் போகாமல் வெளி நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எழுந்து நிற்பார். வெள்ளிக்கிழமை நான் வேறு வழியாகச் சுற்றிப் போனேன்.

சனிக்கிழமை காலை, மேலதிகாரியைக் கேட்காமலே போன் செய்தேன். இலாகா அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. முழுவதும் கேட்டுவிட்டு, "ஊசி இல்லாமல் எத்தனை நாள்?" என்றார்.

"ஐந்து."

"ஐந்தா? டாக்டர், முதல் நாளே கூப்பிட்டிருக்கலாமே. இதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்."

ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்சும் ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். நானும் அம்மாவும் ஏறிக்கொண்டோம். சுங்காய்ப் பாதையில் திரும்பும் வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்துக்குள் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். இடுப்புயரச் செம்பனைக் கன்றுகள். தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் பாதி காலி. கடைசி வீட்டு வாசலில் அப்பா நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போலீஸ்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் அவர் எங்களைக் கண்டதும் ஓடி வந்தார்.

"எடுத்துட்டுப் போங்க டாக்டர். காலையிலேருந்து என்னய பாக்கவே மாட்டேங்கறா. பஸ்ஸுக்குத்தான் தூக்கிட்டு வரப் பாத்தேன். தல நிக்கல."

பாயில் கிடந்தாள். மூச்சு ஆழமாக, வேகமாக, ஓடிவந்த பிள்ளையைப் போல இழுத்தது. அழுகிய பழத்தின் வாடை அறை முழுக்க. கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. அங்கேயே நரம்பு தேடினேன். நாலு முறை குத்தியும் கிடைக்கவில்லை. ஐந்தாவது கணுக்காலில் கிடைத்தது. ஆம்புலன்சில் அம்மா அவள் தலையை மடியில் வைத்திருந்தார். அப்பா கதவருகே உட்கார்ந்து சலைன் பாட்டிலைக் கையால் உயர்த்திப் பிடித்திருந்தார். ஈப்போ வரைக்கும் அந்தக் கையை இறக்கவில்லை.

அன்று முழுக்கவும் மறுநாளும் எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம். சர்க்கரை இறங்கியது. மூச்சும் கொஞ்சம் நிதானப்பட்டது. ஞாயிறு மதியம் மூளையில் வீக்கம் ஏறியது. பார்வையாளர் நேரம் அது. மற்றக் கட்டில்களைச் சுற்றி உறவுக்காரர்கள் அடுக்குச் சட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் திரையை இழுத்துவிட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தோம். மூன்று மணிக்கு முன்னால் நிறுத்தினேன்.

திரைக்கு வெளியே இருவரும் நின்றார்கள். சொன்னேன். அப்பா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அம்மா உள்ளே போய், கலைந்திருந்த சடையை அவிழ்த்துத் திரும்பப் பின்னினார். அவசரமே இல்லாமல், வகிடெடுத்துப் பின்னினார்.

அதற்கு மேலும் மறைத்திருந்தால் நான் மனுஷியே இல்லை. அம்மாவை ஒரு பக்கமாக அழைத்துப் போய், ஆயாவையும் கூட வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தின் வீரியத்தை மாற்றி எழுதியது நான், சரியாகச் சொல்லிக்கொடுக்காதது நான், அந்த முதல் இழுப்பு அதனால்தான் வந்தது. ஆயா அதை அவர்கள் தமிழில் இன்னொரு முறை சொன்னார். என்னை அடிப்பார், சபிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் கையில் இருந்த ரிப்பனைச் சுருட்டினார். பிறகு கேட்டார்.

"அப்ப நான் போட்டது சரிதானா?"

"சரியாத்தான் போட்டீங்கள். சொல்லிக்கொடுத்த கோட்டுக்குத்தான் போட்டீங்கள்."

"இத அவருக்கிட்ட சொல்லுங்க டாக்டர். என் கையாலதான் புள்ளைக்கு இழுத்துச்சின்னு நம்பிக்கிட்டு இருக்காரு. நாலு மாசமா நான் ஆக்குன சோத்தக்கூட சரியா தின்னமாட்டாரு."

போய்ச் சொன்னேன். அவர் தரையை விட்டு எழவில்லை. தலையைத் தூக்காமலே, "அன்னிக்கு வீட்டுக்கு வந்தீங்களே. அப்பவே தெரியுமா?" என்றார்.

"மருந்து மாறினது தெரியும்."

"அப்ப சொல்லியிருந்தீங்கன்னா நான் எதுக்கு சுங்காய்க்குத் தூக்கிட்டுப் போறேன்?"

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

நடந்ததையெல்லாம், என் பிழையையும் சேர்த்து, அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். கோப்பில் போனது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறாய் என்றார். தண்டனை எதுவும் வரவில்லை. அப்பா மேல் வழக்குப் போடலாமா என்று இலாகா அதிகாரி கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னேன். அந்த அம்மா சில மாதம் கழித்து ஜெலாப்பாங் வேலையை விட்டுவிட்டார், இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று ஆயா வழியாகத் தெரிந்தது.

அதன் பிறகு நான் மாறினேனா என்று கேட்டால், சிலவற்றில் மாறினேன். மருந்து கொடுத்தால் என் கண் முன்னாலேயே செய்து காட்டச் சொல்வேன். குறித்துக் கொடுத்த நாளுக்கு வராத குடும்பத்தைத் திட்டுவதற்கு முன்னால், போன தடவை மருந்து கொடுத்தபோது என்ன நடந்தது என்று கேட்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில், வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு மகனைப் பூட்டி வைத்திருந்த ஒரு தகப்பன். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். மூன்றாம் முறை கதவைத் திறக்கவில்லை. அன்று பகலிலேயே இலாகாவுக்குப் போன் செய்தேன். பையன் பிழைத்தான். தகப்பன் வார்டு நடையில் எல்லாருக்கும் முன்னால் என் மேல் காறித் துப்பினார். துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருதயக் கோளாறுள்ள ஒரு சிறுமி, மாதம் ஒரு ஊசி போட்டாக வேண்டும். மூன்று மாதம் வரவில்லை. பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகவில்லை, கேட்கவில்லை, அன்றே இலாகாவைக் கூப்பிட்டேன். அவர்கள் போலீசோடு போய்ப் பார்த்தால், தோட்டத்து மருந்தகத்திலேயே மாதந்தோறும் ஊசி போட்டிருந்தார்கள். அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் நோட்டில் தேதியோடு இருந்தது. ஈப்போவுக்கு வர பஸ் வசதி நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். போலீஸ் வந்த வீடு என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். தாய் உள்ளே இருந்து வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் எங்களிடம் வரவே இல்லை. தெலுக் இந்தான் பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே போன் செய்து விசாரித்தேன். பிள்ளை மாதாமாதம் வருகிறாள், நன்றாக இருக்கிறாள் என்று அங்கிருந்த மிஸ்ஸி சொன்னார். யார் பேசுவது என்று கேட்டார். பெயரைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.